பாதிரியார் சேர்த்த கடைசி அத்தியாயம்

என் வீட்டு அலமாரிக்குள் பகல் முழுக்க ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். கேமரன் மலையில் பழைய புத்தகம் வைத்திருப்பவனுக்கு வேறு வழி கிடையாது. மூடுபனி ஜன்னலோடு நின்றுவிடுவதில்லை. சுவருக்குள் இறங்கி, துணி அட்டைக்குள் புகுந்து, ஒரே மழைக்காலத்தில் நல்ல புத்தகத்தைப் பூஞ்சைக்குத் தின்னக் கொடுத்துவிடும். துணி காயாத நாட்களில் என் மனைவி அந்த அலமாரியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். "நம்ம துணிமணிக்கு இல்லாத சூடு, பாதிரியாருக்கு மட்டும்" என்பாள்.

உள்ளே இருப்பவை எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. அவர் தமிழ்ப் பாதிரியார். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் மலாயாத் தோட்டங்களில் ஊழியம் செய்தவர். ஜெபம் போதாதென்று நாவலும் எழுதினார். கள் குடிப்பவனுக்கு ஒரு நாவல், சூதாடுபவனுக்கு ஒரு நாவல், புருஷனை எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கு ஒன்று, கூலி போதாது என்று முணுமுணுப்பவனுக்கு ஒன்று. கெட்டவன் கஷ்டப்பட்டுத் திருந்துவான். நல்லவன் அவனைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டு, கடைசி அத்தியாயத்தில் பரிசு வாங்குவான். அவர் எழுதிய எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயம் என்று ஒன்று தவறாமல் உண்டு.

நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிற ஆள். கம்போங் ராஜாவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பாதிரியாரின் நாவல்களைப் பதிப்புப் பதிப்பாகச் சேர்ப்பதைப் பார்த்து ஊரே வியந்தது. கோலாலம்பூரிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படம் பிடித்தார். "இவர் மேல உங்களுக்கு எப்படி இவ்வளவு பிரியம் வந்துச்சு?" என்று கேட்டார். தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்குத் தேத்தண்ணி இறங்கியிருக்காது. அந்தப் புத்தகங்களை வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் அவற்றை வாங்கிப் பூட்டி வைத்தேன்.

எரித்திருக்கலாம் என்று தோன்றும். புத்தகம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். கை வரவில்லை. சரஸ்வதி பூஜை அன்று என் மனைவி அந்தப் புத்தகங்களுக்கும் சந்தனப் பொட்டு வைப்பாள். பேராசிரியர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் மண்டோராக, அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான கங்காணியாக, இருந்தார். பெட்டி பெட்டியாகத் தூள் அடுக்கியிருக்கும் ஸ்டோருக்கு அவரிடம்தான் சாவி. எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், தடுக்காமல் தமிழ் படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். அதனால் தோட்டத்துக் கிராணி ஒரு நாள் ஆபீஸ் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். கிராணி என்றால் ஆபீசில் கணக்கு எழுதுபவர். எங்களைப் பொறுத்தவரை துரைக்கு அடுத்தபடி கடவுள். "படிச்சுக் காட்டு, நாலு பேரு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். உள் அட்டையில் 'தொழிலாளருக்கு இலவசம்' என்று முத்திரை குத்தியிருந்தது. இலவசமாக எது வந்தாலும் நான் இன்றுவரை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆண்கள் லயத்து வாசல் சிமெண்ட் திட்டில் உட்கார்வார்கள். அப்பா படிப்பார். பெண்கள் உள்ளே சமைத்துக்கொண்டே காதைக் கொடுப்பார்கள். கதை இதுதான். நேர்மையான தொழிலாளி ஒருவன் மேல் திருட்டுப் பழி விழுகிறது. உண்மைத் திருடன் யாரென்று அவனுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான். சத்தியத்துக்குத் தன் வாய் தேவையில்லை என்று நம்புகிறவன். வேலை போகிறது, வீடு போகிறது, பெண்டாட்டி படுத்த படுக்கையாகிறாள். கடைசி அத்தியாயத்தில், எங்கிருந்தோ வந்த நாடோடி ஒருவன் சாகும் தறுவாயில் தான்தான் திருடினேன் என்று ஒப்புக்கொள்கிறான். துரை தன் காரிலேயே அந்தக் குடிசைக்கு வந்து, கண்ணீர் விட்டு, தொழிலாளியை பங்களாவுக்கு அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுகிறார். அந்த இடம் வந்தால் வாசலில் மூக்கு உறிஞ்சாத ஆள் இருக்க மாட்டான். நானும் அழுதிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் ஸ்டோரில் பெட்டிகள் குறைந்தன. சாவி அப்பாவிடம் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று கிராணி வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனதை ஃபேக்டரியில் இருந்த எல்லாரும் பார்த்திருந்தார்கள். பார்த்த அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் அங்கே ஏறுவார்கள். துரைக்குத் தமிழ் வராது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் அதே கிராணி. யார் எடுத்தது என்று துரை கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் அப்பா சொன்னார். அந்த இரண்டு சொல்லை இங்கிலீஷில் சொல்லக் கிராணிக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வேலி ஓரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மண்டோர் வேலை போனது. ஃபேக்டரி பக்கத்து வீடும் போனது. கீழ் லயத்தில், கழிவுநீர் ஓடும் கால்வாய்ப் பக்கம் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். அப்பாவை மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, மூக்கில் ஒரு துண்டுத் துணிகூட இல்லாமல், அப்பா மலைச்சரிவு முழுக்க விஷம் தெளித்தார். சாயங்காலம் வந்து இருமிக்கொண்டே குளிப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே புத்தகத்தை எடுத்து, அதே ஆட்களுக்கு முன்னால், அதே குரலில் படிப்பார். பார்த்தும் வாய் திறக்காத ஆட்கள் அதே இடத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

இந்த மனிதர் கடைசி அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. துரையின் கார் கீழ் லயத்து மண் ரோட்டில் இறங்கி வரும் என்று நம்புகிறார். ஒரு பாதிரியார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எங்கள் அப்பா தன்னைத்தானே கால்வாய் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தத் துரை ஊருக்குப் போனார். வேறு துரை வந்தார். கிராணி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அப்பா இருமி இருமிச் செத்தார். எந்தக் காரும் வரவில்லை.

அப்பாவின் புத்தகத்தை அம்மா தரமாட்டேன் என்று சொல்லித் தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். பூச்சி அரித்துப் போனாலும் விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஈப்போவில் ஒரு பழைய பேப்பர் கடையில் அதே நாவலின் இன்னொரு பிரதியைப் பார்த்தேன். இதைப் படித்து இன்னொருவன் வாயை மூடிக்கொண்டு நிற்பான் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. வாங்கிவிட்டேன். அப்படித்தான் தொடங்கியது.

அப்புறம் அது ஒரு நோய். தைப்பிங்கில் ஒரு தேவாலயத்து அலமாரியைக் காலி செய்தபோது போய் நின்றேன். ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவரின் தகரப் பெட்டியைக் கிளறினேன். தாப்பாவில் ஒரு கச்சான் கடையில் கடலை மடிக்கக் கிழித்துக்கொண்டிருந்ததை, மீதியையாவது கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன். வெறுக்கிற ஆளின் விஷயத்தில் நமக்கு வரும் அக்கறை, நேசிக்கிற ஆளிடம் வருவதில்லை. எந்தப் பதிப்புக்கு எந்தத் துணி, எதில் பாதிரியாரின் படம் இருக்கும், எதில் விலை போட்டிருக்கும், எது இலவசம் என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். அவரை மனதாரத் திட்டிக்கொண்டே அவருக்கு அட்டை ஒட்டினேன்.

அப்பா படித்த நாவலின் முதல் பதிப்பு மட்டும் கிடைக்காமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நாடு முழுக்க இருந்தவை எல்லாம் இரண்டாம் பதிப்பும் அதற்குப் பின்னால் வந்தவையும்தான். கடைசியில் கிள்ளானில் ஒரு வயதான அம்மையார் வீட்டில், தையல் மெஷின் இழுப்பறையில் கிடைத்தது. பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். கடைசி அத்தியாயம் இல்லை. கிழிந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். தையலைத் தடவிப் பார்த்தேன், ஒரு தாளும் போகவில்லை. தொழிலாளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, நோயாளிப் பெண்டாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து கேட்டைத் தாண்டிப் போகிறான். காவல்காரன் கேட்டைச் சாத்துகிறான். அதன் கீழே 'முற்றும்' என்று அச்சாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டாம் பதிப்பின் முன்னுரையை எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை கையில் எடுத்தும் முன்னுரையை மட்டும் படிக்காமல் தள்ளியிருக்கிறேன். சில தோட்ட முதலாளிமார் கேட்டுக்கொண்டதால் மன ஆறுதலுக்காக ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறேன், அச்சுச் செலவை அந்தக் கனவான்களே ஏற்றார்கள் என்று பாதிரியார் பணிவோடு எழுதியிருந்தார். ஆக, அந்த மனிதருக்கு முதலில் உண்மை தெரிந்திருக்கிறது. கார் வராது என்று தெரிந்திருக்கிறது. அப்புறம்தான் வரவழைத்திருக்கிறார். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. அந்த அத்தியாயம் இனி ஒரு லயத்துக்குள்ளும் நுழையக் கூடாது என்பதே என் வாழ்க்கையின் ஒரே பிடிவாதம் என்று ஆனது.

போன வருடம் கிராணி செத்தார். நல்ல சாவு. தொண்ணூறைத் தாண்டி, தூக்கத்தில். அவர் மகன்தான் இப்போது தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். திரிங்காப்பில் பூத்தோட்டம், பிரிஞ்சாங்கில் ஹோட்டல். முதல் வருடத் திதிக்கு முன்னால் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் அவர் காடி வந்து நின்றது. எங்கள் பக்கம் காருக்குக் காடி என்றுதான் பேச்சு.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? கடையில யாவாரம் எப்டி?"

"மழை பேஞ்சா பூஞ்சை, பூஞ்சை வந்தா யாவாரம். ஓடுது தலைவரே."

சிரித்தார். உட்கார்ந்தார். "அப்பா திதிக்கு ஒரு பொஸ்தகம் அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுக்கலாம்னு இருக்கேன்ணே. தமிழ் ஸ்கூல் பிள்ளைங்களுக்கும். அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சது, பாதிரியாரு எழுதினது. எங்க தேடியும் ஒரு காப்பி கெடைக்கல லா. கேக்குற ஆளெல்லாம் ஒங்களத்தான் கைகாட்டுறாங்க."

எங்கும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. என் உழைப்புக்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தர முடியாது.

"எங்கப்பாதான் ஒங்கப்பாவுக்கு அந்தப் பொஸ்தகத்தக் குடுத்தாராம். அடிக்கடி சொல்லுவாரு. நல்ல மனுசன், அதிர்ந்து பேசாத மனுசன்னு."

இவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று முகத்தைப் பார்த்தேன். விசாரணை நடந்த காலத்தில் அவர் ஈப்போவில் போர்டிங் ஸ்கூலில் இருந்தார். தெரியாது என்றுதான் பட்டது. தெரியாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு யோசனை வந்தது. அலமாரியைத் திறந்து முதல் பதிப்பை எடுத்துக் கொடுத்தேன். அச்சடிக்கட்டும், வீட்டுக்கு வீடு கொடுக்கட்டும், கிராணி பெயரிலேயே கேட் சாத்தப்படட்டும் என்று நினைத்தேன். அவர் காடி கிளம்பியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நாலைந்து நாளில் போன் வந்தது. "அண்ணே, இதுல கடைசிப் பக்கமெல்லாம் போயிருச்சு."

"போகல. அவ்வளவுதான் கதை. முற்றும்னு போட்டிருக்கு, பாருங்க."

"எப்டிண்ணே? தொர காடி எடுத்துக்கிட்டு வருவாருல்ல? பங்களாவுல சோறு போடுவாருல்ல? சின்னதுல நானே கேட்டிருக்கேன். இப்டி முடிஞ்சா திதிக்கு எப்டிக் குடுக்குறது? வேற காப்பி இல்லையா?"

"எல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சு" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அதோடு விடுவார் என்று நினைத்தேன். நான் கடையில் இருந்த ஒரு மதியம் அவர் மறுபடி வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணும் மங்கல். காதும் நாக்கும் மட்டும் நன்றாக இருக்கின்றன. குளிருக்குப் பயந்து அடுப்படியிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் என் மனைவி சொன்னாள்.

"தலைவரு வந்தாரு. ஒங்கப்பா படிச்ச கதையில கடைசிப் பகுதி ஞாபகம் இருக்கான்னு ஒங்கம்மாகிட்ட கேட்டாரு. கைபேசிய அவங்க முன்னால வச்சிட்டு, வெளிய நின்னு பூ லோரிக்காரன்கிட்ட சத்தம் போட்டுக்கிட்டிருந்தாரு. அவங்க பாட்டுக்கு மளமளன்னு சொன்னாங்க. நான் மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுப்படிக்குப் போய் நின்றேன். "ஏம்மா சொன்னே? அவன் கேட்டா சொல்லணுமா?"

"கேட்டான், சொன்னேன்" என்றாள் அம்மா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தலைவருக்குப் போன் போட்டேன். அது பாதிரியார் எழுதியது இல்லை, சேர்க்காதீர்கள் என்றேன். ஒலிப்பதிவை அப்படியே ஈப்போ பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டதாகவும், அங்கேயே டைப் பண்ணி அச்சுக்குப் போய்விட்டதாகவும், ரொம்ப நன்றி என்றும் சொன்னார். பல வருடம் ஊர் ஊராக அலைந்து நான் பூட்டி வைத்ததை என் வீட்டு அடுப்படியிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திதி வரைக்கும் அம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திதிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கோயில் மண்டபத்தில் கிராணியின் படத்துக்கு அவர் மகனின் தோட்டத்துச் சாமந்தியில் ஆளுயர மாலை போட்டிருந்தது. புத்தகத்தைப் பளபளவென்று அச்சடித்திருந்தார்கள். பின்னட்டையில் கிராணி சிரித்தார். கையில் வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை மைக்குக்கு வந்தார். நேரமில்லாததால், கதையின் நீதி அடங்கிய கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிப்பதாகச் சொன்னார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். பின்னால் கூட்டம்.

வாசித்தார். துரையின் கார் வருகிறது. இது நான் அறிந்ததுதான். காரிலிருந்து துரையோடு இன்னொருவரும் இறங்குகிறார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்த ஆள், இரண்டு பாஷையும் தெரிந்தவர், சொன்னதைச் சொன்னபடி சொல்பவர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதிரியாரின் எந்தப் பதிப்பிலும் அப்படி ஓர் ஆள் கிடையாது. துரை கேட்கிறார், சாவியை யார் வாங்கியது என்று. தொழிலாளி வாய் திறந்து சொல்கிறான், கிராணி என்று. தலைமையாசிரியையின் குரல் அந்த இடத்தில் இறங்கியது. ஆனால் வாக்கியத்தைப் பாதியில் விட அவரால் முடியவில்லை. ஆபீஸ் வராந்தாவில் கிராணி செருப்பில்லாமல், தலை குனிந்து நிற்கிறார். நான்தான் எடுத்தேன் என்கிறார். நாடோடி எவனும் வரவில்லை. பங்களாவில் சோறும் இல்லை. துரை தொழிலாளியிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார், அவன் போய் ஸ்டோரைத் திறக்கிறான். அவ்வளவுதான்.

இளையவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின் வரிசையில் அந்தக் காலத்து ஃபேக்டரி ஆட்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒரு கிழவர் நன்றாகக் கேட்கும்படி, "சரியாத்தான் எழுதியிருக்கு" என்றார். அன்றைக்குத் திறக்க வேண்டிய வாய், இன்றைக்குத் திறந்தது. தலைவர் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். யாரோ அவசரமாகப் பக்திப் பாட்டைப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா, புத்தகத்துல திருடன் வேற ஆளுல்ல? நாடோடில்ல?"

"அச்சுல அப்படித்தான் இருக்கும். வாசல்ல ஆளுங்க இருந்தா அத அப்படியே படிப்பாரு. எல்லாம் போனப்புறம் அடுப்படிக்கு வந்து எனக்கு மட்டும் இப்படிப் படிப்பாரு. பொஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டேதான் படிப்பாரு. ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு சொல்லு மாறாது."

"அப்ப அவருக்கு எல்லாம் தெரியும்."

"தெரியாம? அவரு கையிலேருந்துதான சாவி வாங்கினான்."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கோவக்காரன். சின்னதுலயே அப்படித்தான். கிராணி வீட்டு முன்னால போயி கத்துவ. வீட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா, பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது? ஒங்க ஸ்கூலு தோட்டத்துக்குள்ள இருந்துச்சு. நீங்க படிச்சு முடிக்கட்டும்னு வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தாரு." ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினாள். "கிராணி மவனே வீடு தேடி வந்து, கடைசில என்ன வரும்னு கேக்குறான். சொல்லாம இருப்பேனா?"

அப்பா ஒரு புத்தகத்தை நம்பி ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. திட்டுவதற்குப் பாதிரியார் இருந்தார், பூட்டி வைக்கப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் தெரிந்தே, எந்தக் காரும் வராது என்று தெரிந்தே, நான் பள்ளிக்கூடம் போவதற்காக அந்த மனிதர் விஷத்தைச் சுமந்தார் என்பது அதைவிடக் கசப்பாக இருந்தது. இந்தக் கசப்பை எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தலைவர் வந்தார். காடியின் பின்பக்கம் மூட்டை மூட்டையாக அதே புத்தகம். வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறார். ஒரே பதிப்பை இவ்வளவு வெறியோடு சேர்ப்பவரை நான் என்னைத் தவிர இப்போதுதான் பார்க்கிறேன்.

"அம்மாவுக்கு வயசாயிருச்சுண்ணே. கதையக் கொழப்பிட்டாங்க. நான் தப்பா எடுத்துக்கல. திதியில வாங்கின ஒங்க காப்பியக் குடுத்தீங்கன்னா..."

"அம்மாவுக்கு ஒரு கொழப்பமும் இல்ல" என்றேன். "சாவிய வாங்கினது ஒங்கப்பாதான்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றார்.

காப்பியைக் கொடுக்கவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. காடி பள்ளத்தில் இறங்கி மறைந்தது. அப்புறம் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். திதிப் புத்தகத்தைக் கொண்டு வந்து படிக்கச் சொன்னாள். எத்தனையோ பதிப்பு சேர்த்திருக்கிறேன், ஒரு பக்கம்கூட அவளுக்கு நான் வாசித்துக் காட்டியதில்லை.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். கார் வந்தது. இரண்டு பாஷை தெரிந்தவர் இறங்கினார். துரை கேட்டார். கிராணி வராந்தாவில் தலை குனிந்து நின்றார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"இரு" என்றாள் அம்மா. "அந்த எடத்துல அவரு உடனே படிக்க மாட்டாரு. கொஞ்ச நேரம் அவன அப்படியே நிக்க வச்சிருப்பாரு."

திரும்ப அந்த வரிக்கே வந்தேன். கிராணியை நிறுத்தி வைத்தேன். அம்மா போதும் என்று சொல்லவே இல்லை.